மூன்றாம் வரிசை மண்மூட்டை

கொழும்பு வெள்ளவத்தை ரயில் நிலையத்திலிருந்து தெற்கே தண்டவாளத்தின் ஓரமாக நடந்தால், கருங்கற்களுக்கும் கடலுக்கும் இடையில் ஒரு மணல் துண்டு வரும். நீளம் நாற்பது யார், அதாவது நூற்றிருபது அடி, இருக்கும். அகலம் கடலின் குணத்தைப் பொறுத்தது. அந்தத் துண்டில்தான் கொன்ஸ்ரன்ஸ் ஐந்து வருடமாகப் புல் வளர்த்தாள். 1997 ஓகஸ்ட்டில் ஒரு சனிக்கிழமை அது முதல் தடவையாகப் பூத்தது. ரியூசன் வகுப்பு முடிந்து வந்தவள், சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு ஒவ்வொரு பூங்கொத்தாகக் குனிந்து பார்த்தாள். முப்பத்தொன்று இருந்தன. பார்த்து முடித்ததும் மணலிலேயே உட்கார்ந்துவிட்டாள். முப்பத்தொன்றும் ஆண்.

இது ஏன் ஒரு மனுசியை மணலில் உட்கார வைக்க வேண்டும் என்று கேட்பீர்கள். அதற்கு இராவணன் மீசை என்ற இந்தப் புல்லைப் பற்றிக் கொஞ்சம் தெரிய வேண்டும். அது மன்னார், கற்பிட்டி, அம்பாந்தோட்டை மாதிரி வெயில் காய்கிற கரைகளின் புல். இலை விறைப்பாக, வெள்ளி பூசினாற்போல் இருக்கும், நுனி ஊசி. வெறுங்காலோடு மிதித்தவன் ஆயுளுக்கும் மறக்கமாட்டான். கொடி மணலின் மேல் ஓடும், கணுவுக்குக் கணு வேர் இறக்கும். காற்று மணலைத் தூக்கிக்கொண்டு வரும்போது இந்த இலைகளில் மோதி வேகம் குறைகிறது. வேகம் குறைந்தால் சுமையைக் கீழே போட்டுத்தானே ஆகவேண்டும். அப்படி விழுந்த மணல் புல்லை மூடும். வேறு செடியென்றால் அத்தோடு செத்துவிடும். இது மூட மூட மேலே வரும். மணல் விழாத வருடத்தில்தான் வாடும். இப்படிப் புல்லும் மணலும் ஒன்றையொன்று ஏறி ஏறி ஒரு திட்டி உண்டாகிறது. திட்டியின் வயிற்றில் ஈரம் நிற்கும். அந்த ஈரத்தை நம்பி அடம்பன் கொடி வரும், அதன் நிழலை நம்பி நண்டு வரும்.

கொழும்பில்தான் மழை கொட்டுகிறதே, அங்கே வறண்ட கரைப் புல் எதற்கு என்று கொன்ஸ்ரன்ஸின் அக்கா புளோறன்ஸ்கூட ஒருநாள் கேட்டாள். மணலுக்கு எந்த ஊரும் வறண்ட ஊர்தான் என்று கொன்ஸ்ரன்ஸ் விளக்கினாள். எவ்வளவு மழை பெய்தாலும் பத்து நிமிடத்தில் கீழே இறங்கிவிடும். மேலே நிற்கிற செடிக்கு அது பாலைவனம்.

சிக்கல் வேறு இடத்தில். பப்பாசியைப்போல, இந்தப் புல்லிலும் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. பூக்கும்வரை இலையைப் பார்த்தோ கொடியைப் பார்த்தோ எது எதென்று சொல்ல முடியாது. ஒரு கணுவை வெட்டி நட்டு, அதிலிருந்து ஆயிரம் கணு எடுத்துப் பரப்பினாலும் ஆயிரமும் அந்த ஒன்றுதான். ஆண் என்றால் அத்தனையும் ஆண். விதை கிடையாது. பெரிய கடல் வந்து ஒருமுறை அடித்துக்கொண்டு போனால் மீண்டும் முளைக்க ஒன்றும் இருக்காது. இதையெல்லாம் மன்னார்ப் பேசாலைப் பள்ளிக்கூடத்தில் இருபது வருடம் கரும்பலகையில் எழுதிப் படிப்பித்தவள் கொன்ஸ்ரன்ஸ். அவளே ஒற்றைக் கணுவிலிருந்து நாற்பது யார் கரையை நட்டிருந்தாள்.

அந்தக் கணுவை வெட்டியவர் அவளுடைய கணவர் சந்தியோகு. அதே பள்ளிக்கூடத்தில் ஆய்வுகூட உதவியாளராக இருந்தவர். தொண்ணூறாம் ஆண்டு சண்டை தொடங்கி ஊரைவிட்டு வெளிக்கிட்ட அன்று, அவள் சேட்டிபிக்கற்றுகளைத் தேடிக்கொண்டிருக்க, அவர் கடற்கரைக்குப் போய் ஒரு சாண் கொடியை வெட்டி, ஈரப் பேப்பரில் சுற்றிக் கொண்டுவந்தார். இதென்ன விசர் வேலை என்று அவள் கத்தினாள். கொழும்பிலும் மணல் இருக்கும்தானே என்றார். கொட்டாஞ்சேனையில் புளோறன்ஸ் அக்காவின் வீட்டு மாடியில் ஒரு பெயின்ற் வாளியில் அது வளர்ந்தது. மறு வருடம் அவர் ஏஜென்சிக்காரனோடு கனடாவுக்குப் போனார். அதற்கு அடுத்த வருடம் வாளி போதாமல் போய், அவள் அதை ரியூசனுக்குப் போகிற வெள்ளவத்தைக்கு பஸ்ஸில் கொண்டுபோய் மணலில் வைத்தாள்.

இரண்டு தடவை கடல் அதை இழுத்துக்கொண்டு போனது. இரண்டு தடவையும் வாளியில் மிச்சமிருந்ததை வைத்து மறுபடி நட்டாள். மூன்றாவது தடவைதான் பிடித்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் காலி வீதியில் உள்ள கொமியூனிகேசன் கடை ஒன்றிலிருந்து ரொறொன்ரோவுக்கு ரெலிபோன் எடுப்பாள். ரெலிபோன் கூண்டுக்கு வெளியே பத்துப் பேர் வரிசையில் நிற்பார்கள், எல்லோருக்கும் காது இருக்கும். ரெலிபோனில் யார் யார் கேட்கிறார்கள் என்ற பயம் வேறு. ஆகவே ஊர்க்கதை, சுற்றிவளைப்பு, பொலிஸ் பதிவு எதுவும் கதைக்க முடியாது. மனதில் இருப்பதைக் கதைக்க வெட்கம். மிச்சமிருந்தது புல். எவ்வளவு உயரம் என்று அவர் கேட்பார். முழங்கால் அளவுக்கு மணல் ஏறிவிட்டது, போன கிழமை அடம்பன் முதல் பூ விட்டது, வெள்ளைப் புள்ளிபோட்ட ஒரு நண்டு வளை தோண்டியிருக்கிறது என்று அவள் சொல்லுவாள். எந்தப் பக்கம், கடல் பக்கமா ரோட்டுப் பக்கமா என்று அவர் கேட்பார். ஏழு வருடமாக அவர்கள் நடத்திய குடும்பம் அதுதான். சில இரவுகளில் அவருடைய முகத்தை நினைக்கப் பார்த்தால் அவர் அனுப்பிய போட்டோவில் இருந்த தடித்த குளிர்க் கோட்டுத்தான் வரும். குரல் மட்டும் ஞாபகம் இருந்தது. அதுவும் ஒரு அறைக்குள் கேட்கிற குரல் அல்ல, வயருக்குள்ளால் வருகிற குரல்.

ஆண் மட்டும்தான் பூத்திருக்கிறது என்று அவள் சொன்ன ஞாயிற்றுக்கிழமை அவர் எத்தனை பூ என்று இரண்டு தடவை கேட்டார். நான் இரண்டு இடத்தில் வெட்டியிருக்க வேணும் என்றார் கடைசியில்.

தான் இல்லாத காலத்திலும் அந்தக் கரை நிற்க வேண்டும் என்பதுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. வகுப்பில் பிள்ளைகளுக்கு அவள் சொல்லுகிற வித்தியாசம் இது: தண்ணி ஊற்றி, வேலி போட்டு, பக்கத்தில் ஆள் நின்று வளர்த்தால் அது தோட்டம், ஆள் போன பிறகும் தானே பெருகினால்தான் வாழிடம். அவள் கையில் இருந்தது இன்னும் ஒரு தோட்டம். ஸ்பொன்சர் விண்ணப்பம் கனடாவில் எங்கோ ஒரு மேசையில் கிடந்தது. அது நகரத் தொடங்கினால் தோட்டக்காரி இல்லாமல் போய்விடுவாள்.

பெண் கொடி கற்பிட்டியிலிருந்து வந்தது. கொண்டுவந்தவர் பலீல் காக்கா, ஊருக்கெல்லாம் அண்ணன். பேசாலைக்குப் பக்கத்து எருக்கலம்பிட்டிக்காரர்; அவருடைய மகன் கொன்ஸ்ரன்ஸிடம் படித்தவன். தொண்ணூறு ஒக்டோபரில் தமிழ் இயக்கம் முஸ்லிம்களை ஊரைவிட்டுப் போகச் சொன்னபோது படகேறிக் கற்பிட்டிக்குப் போய், அங்கே கிடுகுக் கொட்டிலில் இருந்துகொண்டு, இரண்டு கிழமைக்கு ஒருதரம் புறக்கோட்டைக்குக் கருவாடு கொண்டுவந்தார். கருவாட்டுக் கடை வாசலில் வைத்து அவள் விசயத்தைச் சொன்னாள். பந்து காய்க்கிற கொடியாகப் பார்த்து வெட்ட வேண்டும், பந்து இல்லாததை வெட்டினால் பிரயோசனமில்லை என்று இரண்டு தடவை சொன்னாள். பெண் செடியில்தான் தேங்காய் அளவுக்கு முள்ளுருண்டை வரும். காய்ந்ததும் காம்பு முறிந்து காற்றோடு கரையெல்லாம் உருண்டு, போகிற வழியில் விதையைச் சிந்தும்.

பலீல் காக்காவுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. சின்ன வயதில் அதைத் துரத்தி ஓடிக் காலில் முள்ளேறியவர் அவர்.

"நான் சீவிச்ச காலத்துல எத்தனையோ பேருக்குப் பொம்பிள பேசிக் குடுத்திருக்கிறன், டீச்சர்" என்றார். "புல்லுக்குப் பேசுறது இதுதான் முதல்."

அடுத்த முறை வந்தபோது ஈரச் சாக்கில் மூன்று நீளக் கொடி கொண்டுவந்தார். பதிலுக்கு அவர் கேட்டது ஒன்றுதான். அவளுடைய கரையில் நிற்கிறதில் ஒரு துண்டு வேண்டும். கற்பிட்டியில்தான் கால் வைக்க இடமில்லாமல் கிடக்கிறதே, இது எதற்கு என்று அவள் கேட்டாள். அது கற்பிட்டிப் புல்லு, இது எங்கட மணலில் நிண்ட புல்லு என்று சொல்லிவிட்டு, கருவாட்டுப் பெட்டியில் அதைப் பக்குவமாக வைத்துக் கட்டினார். அவள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள். அவர் போன அன்று அவளும் ஊரில் இருக்கவில்லை, வழியனுப்பவில்லை. அதைப் பற்றி இருவரும் ஒருநாளும் கதைத்ததில்லை.

மூன்று கொடியில் இரண்டு கருகிப் போயின. ஒன்று பிடித்தது. தை மாதம் புதுக் கணு விட்டது. மாசியில் ஒரு யார் ஓடியது. அவள் அதன் பக்கத்தில் அடையாளத்துக்கு ஒரு சோடாப் போத்தல் மூடியைப் புதைத்து வைத்தாள். தடி நட்டால் யாராவது கேட்பார்கள்.

பங்குனியில் நகரத்தில் குண்டு வெடித்தது. அந்தக் கிழமையே, ஒழுங்கையும் தண்டவாளமும் சந்திக்கிற முனையில் புதிதாக ஒரு சென்றி, ஆமிக் காவலரண், போட்டார்கள். சென்றிக்கு மண்மூட்டை வேண்டும். மண்மூட்டைக்கு மணல் வேண்டும். மணல் முப்பது யாருக்கு அப்பால் சும்மா கிடந்தது. சனிக்கிழமை கொன்ஸ்ரன்ஸ் வந்து பார்த்தபோது துண்டின் வடக்குப் பாதி குழியாக இருந்தது. குழிக்குள் கடல்தண்ணி நின்றது. தெற்குப் பக்கம் ஆண் புல் பாதிக்கு மேல் தப்பியிருந்தது. பெண் கொடி நின்ற இடத்தில் ஒரு சப்பாத்து அடையாளமும் அந்த மூடியும் கிடந்தன.

முறைப்பாடு செய்ய ஏலுமா? அடையாள அட்டையில் மன்னார். பொலிஸ் பதிவு கொட்டாஞ்சேனை. வெள்ளவத்தைத் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் மண்ணைக் கிண்டிக்கொண்டு நிற்கிறாள். இந்த மூன்றையும் ஒன்றாகக் கேட்கிற எந்தப் பொலிஸ்காரனும் நாலாவதாகப் புல் என்று ஒன்றைக் கேட்க மாட்டான். அவள் ரியூசனுக்குப் போய், ஒளித்தொகுப்பைப் படிப்பித்துவிட்டு, வீட்டுக்குப் போய்ப் படுத்தாள். அந்த ஞாயிறு ரெலிபோன் எடுக்கவில்லை.

வைகாசி மழைக்குப் பிறகு ஒருநாள், வகுப்புக்குப் போகிற வழியில், அவள் சென்றியைத் தாண்டும்போது கண்ணை நேரே வைத்துக்கொண்டு நடந்தாள். எல்லாத் தமிழரும் அப்படித்தான் நடப்பார்கள். ஆனாலும் ஓரக்கண்ணில் ஒரு வெள்ளிப் பச்சை பட்டது. கீழிருந்து மூன்றாம் வரிசை, இடப்பக்கத்திலிருந்து இரண்டாவது மூட்டை. சாக்கின் இழைக்குள்ளால் நாலு ஊசி இலை வெளியே வந்திருந்தது.

அவள் நடந்துகொண்டே கணக்குப் பார்த்தாள். மணலை அள்ளியவன் கொடியையும் சேர்த்துத்தான் அள்ளியிருப்பான். உள்ளே போன கணு மணலில் புதைந்து கிடந்தது. அதற்குப் புதைவதுதான் பிடிக்கும். சணல் சாக்கு மழையைக் குடித்து ஈரம் பிடித்து வைத்தது. எந்த நாற்றுமேடைக்காரனும் இதைவிட நல்ல பதியன் போட முடியாது. ஆனால் உள்ளே போனது எந்தக் கணு? வடக்குப் பாதியில் ஆண் புல்லும் நின்றதுதானே. இலையைப் பார்த்துச் சொல்ல ஏலாது. பூக்கும்வரை பொறுக்க வேண்டும்.

ஆனியில் விசா வந்தது. செப்ரெம்பர் பதினைந்துக்கு முதல் கனடாவில் போய் இறங்க வேண்டும், இல்லாவிட்டால் மெடிக்கலில் இருந்து எல்லாம் திரும்பத் தொடங்க வேண்டும். சந்தியோகு ரெலிபோனில் அழுதார். அவளும் அழுதாள். பிறகு அவர் எப்போது ரிக்கற் போடுகிறாய் என்று கேட்டார். அவள் விசாரிக்கிறேன் என்றாள். அடுத்த ஞாயிறும் அதைத்தான் சொன்னாள். அதற்கடுத்த ஞாயிறு பிளைற் எல்லாம் நிரம்பியிருக்கிறதாம் என்றாள். ஆடி பிறந்ததும் அவர் கேட்பதை நிறுத்திவிட்டார். புல்லின் உயரத்தைக் கேட்பதையும் நிறுத்திவிட்டார். அங்கே வெயில் எப்படி, வேலை எப்படி என்று அவளே கேட்டுக்கொண்டிருந்தாள்.

புளோறன்ஸ் அக்காவுக்கு இது பொறுக்கவில்லை. செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியாரிடம் போய்த் தங்கச்சியின் விசாவுக்காக ஏழு வருடம் மெழுகுதிரி கொளுத்தியவள் அவள். சோற்றுக்கோப்பையை மேசையில் வைத்த விதத்திலேயே கோபம் தெரிந்தது.

"கொன்சி, ஆணும் பெண்ணும் சேரவேணுமெண்டு நீ கடற்கரையில நிண்டு தவம் கிடக்கிறாய். அங்க ஒரு ஆண் ஏழு வருசமாத் தனியச் சமைச்சுத் தின்னுது. அதுக்கு ஆர் மழை பெய்விக்கிறது?"

கொன்ஸ்ரன்ஸ் கோப்பையை இழுத்துச் சோற்றைப் பிசைந்தாள். சொல்ல ஒன்று இருந்தது. அவர் தந்துவிட்டுப் போன ஒரே பொருளை மலடாக விட்டுவிட்டு அவர் முன்னால் போய் நிற்க அவளால் முடியாது. ஆனால் இதை அக்காவிடம் சொல்லும் வடிவத்தில் அவளிடம் வார்த்தை இருக்கவில்லை.

ஆடி நடுவில் மூன்றாம் வரிசைப் புல் பூத்தது. முதலில் ஒரு பச்சை மொட்டு, பிறகு சின்னத் தோடம்பழம், பிறகு நாலு பக்கமும் ஊசி நீட்டிய உருண்டை. பெண். அவள் ஒழுங்கை முனையில் நின்றுவிட்டாள். பின்னால் வந்த சைக்கிள்காரன் மணி அடித்த பிறகுதான் நகர்ந்தாள்.

அதை அப்படியே மூட்டையோடு கேட்டு வாங்கிக் கரையில் வைப்பது என்று முடிவு செய்தாள். இரண்டு நாள் சிங்களத்தில் சொல்லிப் பழகினாள். மூன்றாம் நாள் காலை, அடையாள அட்டையையும் பொலிஸ் பதிவையும் கேட்காமலே கையில் நீட்டிக்கொண்டு, சென்றிக்கு முன்னால் போய் நின்றாள். உள்ளே ஒரு கோப்ரல் இருந்தான். இருபத்தைந்து வயது இருக்கும், குருநாகல் பக்கத்தவன் என்று பிறகு தெரிந்தது. அவன் பேப்பர்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்ன வேண்டும் என்று கேட்டான். தம்பி என்பதற்குச் சிங்களத்தில் மல்லி என்று கூப்பிட்டு, அந்தச் செடி வேண்டும் என்றாள்.

அவன் முகம் மாறியது. சந்தேகம் என்று அவள் பயந்தாள். அது உடைமைக்காரனின் முகம் என்பது பிறகுதான் விளங்கியது. அந்தச் செடியை அவன்தான் வளர்க்கிறானாம். தினமும் தேத்தண்ணிக் கேத்தல் கழுவிய தண்ணியை அதற்குத்தான் ஊற்றுகிறானாம். காய் பிடித்துவிட்டது, இன்னும் இரண்டு மாதத்தில் பழுக்கும், தர ஏலாது என்றான்.

"அன்னாசி, நோனா" என்று பெருமையாகச் சொன்னான். "மூட்டைக்குள்ள தானா முளைச்ச அன்னாசி."

முள்ளு, விறைத்த இலை, நடுவில் உருண்டை. குருநாகலில் பிறந்தவனுக்கு அது அன்னாசியாகத் தெரிந்ததில் பிழையில்லை. கொன்ஸ்ரன்ஸுக்கு உண்மை தொண்டைவரை வந்தது. சொன்னால் பிடுங்கி எறிந்துவிடுவான். சொல்லாவிட்டால் தண்ணி ஊற்றுவான். வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் ஒரு பிழையான விடையைக் கேட்டுவிட்டுத் தலையாட்டினாள்.

திரும்பி நடந்தபோது கச்சான் காற்று கடலிலிருந்து நேரே முகத்தில் அடித்தது. கண்ணில் ஏதோ தூசி விழுந்தது. சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டுப் பார்த்தாள்; துணியில் மெல்லிய மஞ்சள். அந்த இடத்திலேயே நின்று தன்னைத்தானே திட்டிக்கொண்டாள். புல்லுக்கு வண்டு தேவையில்லை, தேனீ தேவையில்லை. ஆண் பூ மகரந்தத்தைக் காற்றில் கொட்டும், பெண் பூ காற்றிலிருந்து அதைப் பிடிக்கும். ஆண் கடல் பக்கம் நிற்கிறது. காற்று கடலிலிருந்து வருகிறது. காற்று போகிற வழியில், முப்பது யார் தள்ளி, மூன்றாம் வரிசையில் பெண். அவள் திட்டம் போட்டுக் கரையில் நட்டிருந்தால்கூட இவ்வளவு பொருத்தமாக வைத்திருக்க மாட்டாள்.

விதை பிடிக்கும், சரி. பிடித்த விதை எங்கே போகும்? உருண்டை காய்ந்து முறிகிறபோதும் இதே காற்றுத்தான் அடிக்கும். ஒழுங்கை வழியே உருண்டு காலி வீதிக்குப் போய் பஸ் சில்லுக்குள் நசுங்கும். அல்லது கோப்ரல் பழுக்காத அன்னாசியின் மேல் கோபம் வந்து அதை உதைப்பான். யாராவது அதை எடுத்துக் கடல் பக்கம் போட வேண்டும். அவள் நின்றால் போடுவாள். நின்றால் விசா போய்விடும்.

செப்ரெம்பர் முதல் கிழமை மறுபடி போனாள். இந்த முறை சிங்களம் பழகவில்லை. அதே கோப்ரல். உருண்டை வைக்கோல் நிறத்துக்கு வந்திருந்தது, அவன் கவலையாக இருந்தான். பழுக்கிற மாதிரித் தெரியவில்லையே நோனா, மணமும் இல்லையே என்றான். அவள் மூச்சை இழுத்துக்கொண்டு, மல்லி, அது அன்னாசி இல்லை என்றாள்.

பிறகு அவள் படிப்பித்தாள். தெரிந்த சிங்களத்தில் பாதி, கையில் பாதி. இரண்டு விரலை நிமிர்த்தி ஆண், பெண் என்றாள். உள்ளங்கையால் காற்றைக் காட்டினாள். தண்டவாளத்துக்கு அப்பால் நிற்கிற புல்லைக் காட்டி, அது மாப்பிள்ளை என்றாள். அவன் சிரித்துவிட்டான், பக்கத்தில் படுத்திருந்த இன்னொருவன் எழும்பி உட்கார்ந்து என்னவென்று கேட்டான், கோப்ரல் அவனுக்கு முதலிலிருந்து திருப்பிச் சொன்னான். சொன்னதில் ஒரு பிழையும் இருக்கவில்லை. நல்ல மாணவன் என்று அவள் நினைத்தாள். நினைத்ததும் இவனை எங்கே அனுப்புவார்கள் என்ற எண்ணமும் வந்தது. அதைத் தள்ளி வைத்தாள்.

அப்படியென்றால் சாப்பிட ஏலாதா என்று அவன் கேட்டான். ஏலாது. மாட்டுக்கு? ஏலாது. பிறகு இதால் என்ன பிரயோசனம்?

"மணலைப் பிடிச்சு வைக்கும், மல்லி" என்றாள். "சாக்கு இல்லாமலே."

அவன் தன்னைச் சுற்றி இருந்த மூட்டைகளை ஒருதரம் பார்த்தான். சிரிக்கவில்லை. எழும்பி வந்து, உருண்டையிலிருந்து ஒரு முள்ளைக் கவனமாக முறித்து அவளிடம் நீட்டினான். இதைத்தானே பார்க்க வந்தாய் என்று கேட்பதுபோல இருந்தது. முள்ளின் அடியில் உமி மூடிய ஒரு வீக்கம். அவள் பெருவிரல் நகத்தால் உமியை நீக்கி அழுத்தினாள். மகரந்தம் பிடிக்காத பூவென்றால் சப்பென்று நசுங்கும். இது நசுங்கவில்லை. கல்லு மாதிரி இருந்தது. மறுபடியும் அழுத்திப் பார்த்தாள்.

உருண்டை முறிந்தால் கடல் பக்கம் போடச் சொல்லிக் கேட்டாள். அவன் யோசித்துவிட்டு, தாங்கள் அடுத்த கிழமை வடக்குக்கு மாறிப் போகிறோம் என்றான். ஆனால் அவன் முடிக்கவில்லை. மூட்டையெல்லாம் உக்கிவிட்டது, கை வைத்தால் கிழிகிறது. போக முதல் புதுச் சாக்கு அடுக்கிவிட்டுத்தான் போக வேண்டும். பழையதை என்ன செய்வது என்று ஓடர் ஒன்றும் இல்லை. எடுத்த குழியிலேயே கொட்டுவதாகத்தான் இருந்தோம் என்றான். பிறகு, கொட்டினால் செடி மண்ணுக்குள் புதைந்து செத்துப்போகாதா என்று அவனே கேட்டான்.

சாகாது என்று அவள் சொன்னாள். அதற்குப் புதைவது பிடிக்கும். அதை இரண்டு தடவை சொன்னாள்.

செய்வானா மாட்டானா என்பது தெரியாது. ஒருவேளை நாளைக்கே வேறு ஓடர் வரலாம், மூட்டைகள் வேறெங்காவது போகலாம். நின்று பார்க்க வேண்டும்போல கால் இழுத்தது. தண்டவாளத்தைக் கடந்து கரைக்குப் போனாள். குழி அரைவாசி தானாகவே நிரம்பியிருந்தது. அதன் விளிம்பில் அடம்பன் கொடி ஒன்று உள்ளே எட்டிப் பார்த்தது. கையில் அந்த ஒரு விதை. கைலேஞ்சியில் முடிந்து கொண்டுபோனால் அவருக்குக் காட்டலாம். ஏழு வருடத்துக்குக் காட்ட வேறென்ன இருக்கிறது? அவள் அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு குனிந்து, இரண்டு விரல் ஆழத்துக்கு மணலைக் குத்தி, அதை உள்ளே விட்டு மூடினாள். அடையாளம் எதுவும் வைக்கவில்லை. நேரே காலி வீதிக்குப் போய் ரிக்கற் போட்டாள்.

அன்று ஞாயிற்றுக்கிழமை இல்லை, ஆனாலும் ரொறொன்ரோவுக்கு எடுத்தாள். அங்கே விடியப்போகிற நேரம். நித்திரைக் குரலில் அவர் பயந்துபோய் என்ன நடந்தது என்று கேட்டார்.

"இஞ்சேருங்கோ, பன்ரெண்டாந் திகதி வாறன்."

கதிரை ஒன்று இழுபடுகிற சத்தம் மட்டும் வந்தது.

"புல்லு?" என்றார்.

"விதை பிடிச்சிட்டுது. ஒண்டு பாத்தனான், கல்லு மாதிரி. மிச்சம் என்னாகுமெண்டு தெரியாது."

"அந்த ஒண்டைக் கொண்டு வாறியோ?"

"இல்லை. தாட்டுப்போட்டன்."

அவர் சிரித்தார். அல்லது அழுதார், வயருக்குள்ளால் வரும்போது இரண்டும் ஒரே மாதிரித்தான். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, ஆய்வுகூடத்தில் புதிய கருவி வந்தால் டீச்சர்மாருக்குச் சொல்லிக்கொடுக்கிற அதே குரலில், எயாப்போட்டைப் பற்றி ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினார். எந்த வரிசையில் நிற்க வேண்டும், எந்தப் பேப்பரை முதலில் நீட்ட வேண்டும், பெட்டி எந்தப் பட்டியில் சுற்றி வரும். கூண்டுக்கு வெளியே நின்றவர்கள் கண்ணாடியில் தட்டினார்கள். அவள் ஓம், ஓம் என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"கடைசியில ஒரு கண்ணாடிக் கதவு வரும், கொன்சி. கைபிடி இருக்காது. அதைத் தள்ளாத. கிட்ட வந்தால் தானாத் திறக்கும். திறந்த உடன நேர பார். நான் அதிலதான் நிப்பன்."